அவசரச் சட்டமும் சட்டமன்றத்தின் அதிகாரமும்: பீகார் வழக்கு

அவசரச் சட்டம் என்பது சட்டமன்றமோ நாடாளுமன்றமோ கூட்டத்தொடரில் இல்லாத காலத்தில் பிறப்பிக்கப்படும் தற்காலிகச் சட்டம் ஆகும். இந்திய அரசியலமைப்பின் 123ஆம் உறுப்பு குடியரசுத் தலைவருக்கும், 213ஆம் உறுப்பு மாநில ஆளுநருக்கும் இந்த அதிகாரத்தை வழங்குகின்றன. இருவரும் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே இதைச் செய்வதால், நடைமுறையில் இது நிர்வாகத்துறையின் கையில் உள்ள சட்டமியற்றும் அதிகாரமாகும்.

கால எல்லை

அவசரச் சட்டத்துக்கு மற்றச் சட்டங்களுக்கு உள்ள அதே வலிமை உண்டு. ஆயுள் மட்டுமே குறைவு. மாநிலச் சட்டமன்றம் மீண்டும் கூடும்போது அதன் முன் வைக்கப்பட வேண்டும். கூடிய நாளிலிருந்து 6 வாரங்கள் முடிந்ததும் அது தானே காலாவதியாகிவிடும். மன்றம் அதை ஏற்க மறுத்துத் தீர்மானம் நிறைவேற்றினால் அதற்கு முன்பே முடிவுக்கு வரும். இரு கூட்டத்தொடர்களுக்கிடையே 6 மாத இடைவெளிக்கு மேல் கூடாது. ஆகவே ஓர் அவசரச் சட்டம் அதிகபட்சம் ஏறத்தாழ ஏழரை மாதங்களே நீடிக்கலாம். அதன் பிறகும் தேவையென்றால் மசோதா கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டும்.

தமிழ்நாட்டில் ஜல்லிக்கட்டுக்கான அவசரச் சட்டம் 2017 ஜனவரி 21 அன்று பிறப்பிக்கப்பட்டது. ஜனவரி 23 அன்றே சட்டமன்றம் அதற்கான மசோதாவை நிறைவேற்றியது. அரசியலமைப்பு எதிர்பார்க்கும் வழி இதுவே.

பீகாரில் நடந்தது

பீகார் அரசு வேறு வழியைக் கண்டுபிடித்தது. கூட்டத்தொடர் முடிந்தவுடன், காலாவதியாகவிருந்த அவசரச் சட்டங்களை அதே வாசகங்களுடன் மீண்டும் பிறப்பித்தது. இதற்காகத் துறைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்புவது வழக்கமான அலுவலகப் பணியாகவே ஆகிவிட்டது.

புனே கோகலே நிறுவனத்தின் பொருளியல் பேராசிரியர் டி. சி. வாத்வா, பீகாரின் நில உடைமை முறைகளை ஆராய்ந்தபோது இதைக் கவனித்தார். 1967 முதல் 1981 வரை பீகார் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள் 189; ஆளுநர் பிறப்பித்த அவசரச் சட்டங்கள் 256. கரும்பு வழங்கலையும் கொள்முதலையும் ஒழுங்குபடுத்திய அவசரச் சட்டம் ஏறத்தாழ 14 ஆண்டுகள் உயிரோடு வைக்கப்பட்டது. அத்தனை ஆண்டுகளும் கரும்பு விவசாயிகள், தாங்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் வாக்களிக்காத ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருந்தனர்.

நீதிமன்றத் தீர்ப்புகள்

வாத்வா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 1986 டிசம்பர் 20 அன்று தீர்ப்பளித்தது. இவ்வாறு வழக்கமாக மறுபடியும் பிறப்பிப்பது அரசியலமைப்பின் மீது செய்யப்படும் மோசடி என்று அது கூறியது. அப்போது நடைமுறையிலிருந்த பீகார் இடைநிலைக் கல்விக் குழு அவசரச் சட்டம் செல்லாது என அறிவித்தது. ஆனால், கூட்டத்தொடரில் அலுவல் மிகுதியாலோ நேரக் குறைவாலோ மசோதா கொண்டுவர இயலாமல் போனால் விதிவிலக்கு உண்டு என்றும் சொன்னது.

அதன் பின்னரும் வழக்கம் நிற்கவில்லை. 1989இல் 429 சமஸ்கிருதப் பள்ளிகளை அரசு ஏற்பதாகப் பீகாரில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம், 1992 வரை அடுத்தடுத்து நீட்டிக்கப்பட்டது. அவற்றில் எதுவும் சட்டமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. அது தொடர்பான வழக்கில் 2017 ஜனவரி 2 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. மன்றத்தின் முன் வைப்பது வெறும் சடங்கு அன்று, கட்டாயக் கடமை என்று பெரும்பான்மைத் தீர்ப்பு தெளிவுபடுத்தியது.

ஏன் முக்கியம்?

மசோதா என்றால் அமைச்சர் காரணம் சொல்ல வேண்டும், எதிர்க்கட்சி கேள்வி கேட்கும், திருத்தங்கள் முன்மொழியப்படும், விவாதம் அவைக்குறிப்பில் பதிவாகும். நம் தொகுதி உறுப்பினர் என்ன நிலை எடுத்தார் என்று பிறகு நாம் கேட்க முடியும். அவசரச் சட்டத்தில் இவை எதுவும் இல்லை. அதன் குறுகிய ஆயுள்தான் அரசை மக்கள் பிரதிநிதிகளிடம் திரும்பி வரச் செய்கிறது. அந்த ஆயுளை அரசே நீட்டித்துக்கொண்டால், சட்டமன்றம் இருந்தும் இல்லாததாகிவிடும்.