கடலைப் பார்த்துத் தூண்டில் போடுங்கள்

 

மன்னார்த் தீவில் வாழ்ந்த மூத்த உம்மாமாரிடம் கேட்டுப் பாருங்கள். சுபஹு தொழுதுவிட்டுக் கரைக்குப் போகும் வாப்பா, பகல் கறிக்கு மீனோடு திரும்பிய கதையைச் சொல்வார்கள். எந்தக் காற்றில் எந்தக் கரை, எந்த மீனுக்கு எந்த இரை என்பதை அந்த வாப்பாமார் எழுதி வைக்கவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக் காட்டிக் கொடுத்தார்கள்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றியபோது அந்தத் தொடர் அறுந்தது. எருக்கலம்பிட்டி, தாராபுரம் போன்ற ஊர்களின் மக்கள் கடல் வழியாகக் கற்பிட்டியையும் புத்தளத்தையும் அடைந்தார்கள். 2009இல் போர் முடிந்தபின் திரும்பிய குடும்பங்களில், மன்னார்க் கரையையே முதன்முறையாகப் பார்த்த பிள்ளைகள் பலர். இன்று உங்கள் மகன் கடையில் மின்னுவதைப் பார்த்துப் போலி இரை வாங்கி வருகிறான், வெறுங்கையோடு திரும்புகிறான். குறை இரையில் இல்லை. கடலைப் பார்க்காமல் இரையை வாங்கியதுதான் குறை.

முதலில் கரை

மன்னார் இரண்டு கடல்களுக்கு நடுவே நீண்டு கிடக்கும் தீவு. வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. மே முதல் செப்டம்பர் வரை வீசும் சோளகத்தில் தென்கரை கொந்தளிக்கும்; வடகரை அடங்கியிருக்கும். மாரி கால வாடையில் நிலைமை தலைகீழ். காற்றுக்கு மறைவான கரையில் தண்ணீர் தெளிவாக இருக்கும். போலி இரையைக் கண்ணால் கண்டுதான் மீன் பாய்கிறது. ஆகவே கரையைத் தேர்வதே பாதி வேலை.

எந்த மீனுக்கு எது?

பாரை, கட்டா, சீலா ஆகியவை துரத்தி வேட்டையாடும் மீன்கள். இவைதான் போலி இரைக்கு ஏமாறும். அடியில் மணம் பிடித்து மேயும் கெளுத்திக்குத் தகட்டைக் காட்டிப் பயனில்லை. அதற்கு இறால் துண்டோ கணவாய்த் துண்டோதான் வேண்டும்.

கரையோரம் சூடையோ நெத்தலியோ கூட்டமாக வந்தால், அதே அளவில் ஒடுங்கிய வெள்ளித் தகடு போதும். 20 முதல் 40 கிராம் எடையுள்ள தகடு காற்றை வெட்டிக்கொண்டு தூரம் போகும். நீர் கலங்கியிருந்தால் பளிச்சென்ற மஞ்சள் நல்லது. விடியலிலும் மஃரிபை ஒட்டிய நேரத்திலும் கறுத்த நிறம் எடுபடும். மங்கிய வானத்துக்கு எதிரே அதன் நிழலுருவம் தெரியும். சீலாவின் பற்கள் தங்கூசியை நறுக்கிவிடும். அதனால் இரைக்கு முன்னால் ஒரு சாண் கம்பி கட்டச் சொல்லுங்கள்.

விலை கூடியதுதான் நல்லது என்றில்லை. கரண்டி வடிவத் தகட்டுக்கு அமெரிக்காவின் ஜூலியோ புவெல் 1852இல் காப்புரிமை பெற்றார். ஏரியில் தவறி விழுந்த கரண்டியை மீன் பாய்ந்து கவ்வியதைக் கண்டே அவருக்கு அந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். பின்லாந்தின் லௌரி ராப்பலா என்ற ஏழை மீனவர் 1930களில் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றும் தாளை ஒட்டி மீன் செய்தார். காயம்பட்ட மீன் தள்ளாடி நீந்துவதை உற்றுப் பார்த்து அதே ஆட்டத்தைத் தன் தக்கை மீனுக்கும் கொடுத்தார். பார்வைதான் முதல், பணம் பிறகு.

வீட்டில் உங்கள் கவனத்துக்கு

உப்பு நீர் பட்ட கொக்கியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும். மூன்று முனைக் கொக்கிகளை மூடியுள்ள டப்பாவில், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கொக்கி விரலில் ஆழமாக ஏறினால் பின்னோக்கி இழுக்காதீர்கள்; முள் சதையைக் கிழிக்கும். ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்து, ஏற்பு ஊசி தேவையா என்றும் கேளுங்கள். பேத்தை மீன் அகப்பட்டால் சமைக்கவே வேண்டாம். அதன் நஞ்சு கொதித்தாலும் போகாது. அறுந்த தங்கூசியைக் கரையில் விடாமல் எடுத்துவரச் சொல்லுங்கள். ஆமையும் பறவையும் அதில் சிக்கி மடிகின்றன.

மார்க்கத்தின் எல்லை

கடல் வேட்டை நமக்கு ஆகுமானது என்பதை ஸூரத்துல் மாயிதா சொல்கிறது. ஆனால் உயிருள்ள பிராணியைக் குறியாக நிறுத்தி எய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். துடிக்கும் உயிரைக் கொக்கியில் குத்த மனம் ஒப்பாதவர்களுக்குப் போலி இரை நல்ல மாற்று.

ஸூரத்துல் அஃராஃபில் வரும் கடலோர ஊராரை மகனுக்குச் சொல்லிக் கொடுங்கள். தடுக்கப்பட்ட சனிக்கிழமையில் மீன்கள் கண்ணெதிரே வந்தன; மற்ற நாட்களில் வரவில்லை. அது அவர்களுக்குச் சோதனை. மின்னியதைக் கண்டு வரம்பு மீறினார்கள். மீன் கூட்டம் கரையில் துள்ளினாலும் ஜும்ஆவுக்குப் பாங்கு கேட்டால் தூண்டிலைச் சுருட்டுகிற பிள்ளையே கெட்டிக்காரன். மின்னுவதற்கெல்லாம் பாய்வது மீனின் வேலை.

சகோதரிகளே, உங்கள் குடும்பத்தில் அந்தக் காலத்துக் கடல் தெரிந்த அப்பாவோ மாமாவோ இன்னும் இருக்கிறாரா? இந்த வாரமே மகனை அவரோடு கரைக்கு அனுப்புங்கள். நடக்க முடியாதவர் என்றால் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். காற்றைப் பார்த்து, நீரின் நிறத்தைப் பார்த்து அவர் சொல்வதைப் பிள்ளை கேட்கட்டும். இழந்த வீட்டைத் திரும்பக் கட்டினீர்கள். அந்த அறிவையும் இன்ஷா அல்லாஹ் திரும்பக் கட்டலாம்; அவர் நம்மோடு இருக்கும்போதே.