முஜாவிர்: அல்அஸ்ஹரின் ரிவாக்குகளும் மாணவர் உறவும்

உயர்கல்வி நிறுவனம் ஒன்றில் ஒரு மாணவருக்கு இடம் கிடைப்பது வேறு. அங்கே அவர் தமக்கென ஓர் இடத்தைப் பெறுவது வேறு. முன்னது சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. பின்னது, தாம் வராத நாளில் தம்மைத் தேடுவதற்கு இங்கே ஒருவர் இருக்கிறார் என்று அவர் உள்ளம் உணரும்போதுதான் நிறைவேறுகிறது. பாடத்தின் கடினத்தால் மட்டும் மாணவர்கள் படிப்பைக் கைவிடுவதில்லை. பேசுவதற்கு ஆளின்றி ஊர் திரும்பியவர்களும் உண்டு. கற்பிக்கும் தொழிலில் இருப்போர் அனைவரும் அறிந்த உண்மை இது.

‘நாமும் இவ்விடத்தார்’ என்னும் இவ்வுணர்வு தானாக முளைப்பதன்று. அதற்குரிய ஏற்பாடுகளை நம் முன்னோர் கல்விக்கூடங்களின் கட்டமைப்பிலேயே செய்து வைத்திருந்தனர். அவற்றுள் நெடுங்காலம் நிலைத்தது கெய்ரோ அல்அஸ்ஹரின் ரிவாக் முறையாகும். அதன் சிறப்பையும் குறையையும் அறிவது இன்றைய கல்லூரிகளை நடத்துவோர்க்குப் பயன்தரும் என நாம் கருதுகிறோம்.

அயலார் என்னும் பெயர்

அல்அஸ்ஹரில் தங்கிப் பயின்ற மாணவரை ‘முஜாவிர்’ என்றழைத்தனர். ‘ஜார்’ என்பது அண்டை வீட்டாரைக் குறிக்கும் அரபுச் சொல். அதே வேரிலிருந்து பிறந்த முஜாவிர், அண்டையில் வாழ்பவர் எனப் பொருள்படும். மக்காவிலும் மதீனாவிலும் புனிதப் பள்ளிகளின் அருகே தங்கி வாழ்ந்தோரையும் இச்சொல் குறித்தது. நம் நாட்டில் தர்கா ஊழியரை இதன் திரிபான ‘முஜாவர்’ என்னும் சொல்லால் அழைப்பதை வாசகர்கள் அறிவர்.

மாணவருக்குத் ‘தாலிப்’ என்னும் பெயரும் உண்டு. அது தேடுபவரைக் குறிக்கும். அவர் அறிவைத் தேடி வந்தவர் என்பதைத் தாலிப் உணர்த்துகிறது. வந்த இடத்தில் அவர் யாருக்கு என்ன உறவு என்பதை முஜாவிர் உணர்த்துகிறது. அண்டை வீட்டாரின் உரிமைகளை நபி (ஸல்) அவர்கள் எத்துணை வலியுறுத்தினார்கள் என்பதை எண்ணினால், மாணவரை அயலார் என்றழைத்த சமூகம் அவர் மீது எத்தகைய பொறுப்பை ஏற்றுக்கொண்டது என்பது விளங்கும். மஸ்ஜிதுந் நபவியில் தங்கிக் கல்வி கற்ற திண்ணைத் தோழர்களே இதற்கு முதல் முன்மாதிரி.

ரிவாக்கின் அமைப்பு

ரிவாக் என்பதன் நேர்ப்பொருள் தூண்கள் தாங்கும் கூடம். அல்அஸ்ஹரில் அது, ஒரே நாட்டையோ வட்டாரத்தையோ சேர்ந்த மாணவர்கள் கூடி வாழும் பகுதியைக் குறிப்பதாயிற்று. வரலாற்றாசிரியர் அல்மக்ரீஸி, ஹிஜ்ரி 818-இல் (கி.பி. 1415) அப்பள்ளியில் தங்கியிருந்தோர் 750 பேர் எனப் பதிவு செய்துள்ளார். பாரசீகர், ஸைலஃ பகுதியினர், எகிப்தின் கிராமத்தார், மக்ரிபியர் ஆகிய ஒவ்வொரு குழுவினருக்கும் அவர்தம் பெயரால் ஒரு ரிவாக் இருந்தது. அதே ஆண்டில், நிர்வாகப் பொறுப்பேற்ற ஓர் அமீர் அவர்கள் அனைவரையும் வெளியேற்றி, அவர்களுடைய பெட்டிகளையும் அலமாரிகளையும் குர்ஆன் வைக்கும் பலகைகளையும் அகற்றச் செய்தார் என்பதையும் அவர் வருத்தத்தோடு குறிப்பிடுகிறார். ஒரு பெட்டி வைக்கும் இடம்கூட ஏழை மாணவருக்கு எத்துணை பெரிய உரிமையாக இருந்தது என்பதை அந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஆயினும் இம்முறை அழியவில்லை. உதுமானியர் காலத்தில் மேலும் விரிந்தது. மக்ரிபியர், ஷாமியர், துருக்கியர், மேல் எகிப்தியர், ஜாவாவினர், இந்தியர் எனப் பலருக்கும் ரிவாக்குகள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய அலீ முபாரக் அவற்றை ஒவ்வொன்றாக விவரித்துள்ளார். மேல் எகிப்தியரின் ரிவாக்கை 18ஆம் நூற்றாண்டில் கட்டியவர் அப்துர் ரஹ்மான் கத்குதா. அதே நூற்றாண்டில் பார்வையற்ற மாணவர்களுக்கெனத் தனி ஸாவியா ஒன்றும் எழுந்தது.

ரிவாக்கின் உயிர்நாடி வக்ஃப் ஆகும். அதன் வருவாயிலிருந்து மாணவர்களுக்கு அன்றாட ரொட்டி பங்கிடப்பட்டது. ஒவ்வொரு ரிவாக்குக்கும் ஒரு ஷைக் இருந்தார். மாணவரின் வழக்குகளைத் தீர்ப்பதும், பங்கீட்டைக் கவனிப்பதும், ஆட்சியாளரிடம் அவர்களுக்காகப் பேசுவதும் அவர் பொறுப்பு. வரலாற்றாசிரியர் அல்ஜபர்த்தியின் முன்னோர் தலைமுறை தலைமுறையாக ஜபர்த் ரிவாக்கின் ஷைகுகளாக விளங்கினர். ஆக, மொழி தெரியாமல் கெய்ரோ வந்து சேர்ந்த ஓர் இளைஞர், தம் ஊர்ப் பேச்சைப் பேசும் முகங்களையும், உண்ண ரொட்டியையும், முறையிட ஒரு பெரியவரையும் முதல் நாளிலேயே பெற்றார்.

தூணடியில் இரண்டாம் வட்டம்

ரிவாக் மட்டுமே இருந்திருந்தால் அல்அஸ்ஹர் பல ஊர்க்காரர்கள் தனித்தனியே தங்கும் சத்திரமாகவே இருந்திருக்கும். அதனைக் கல்விக்கூடமாக்கியது ‘ஹல்கா’. ஆசிரியர் ஒரு தூணருகே அமர்வார். மாணவர்கள் அவரைச் சூழ்ந்து வட்டமாக அமர்வர். அங்கே ஊர் பார்த்து இடம் பிரிக்கப்படவில்லை. பயிலும் நூலே அவர்களை ஒன்றுசேர்த்தது. இரவில் தன் ஊராரோடு உறங்கியவர், பகலில் தான் கேள்விப்பட்டிராத நாட்டினரின் தோளோடு தோள் உரச அமர்ந்தார்.

பாடத்துக்குப் பின் ‘முதாகரா’ எனப்படும் கூடிப் படித்தல் நடைபெறும். நம் மதரஸாக்களில் நன்கறியப்பட்ட ‘தஃலீமுல் முதஅல்லிம்’ நூலில் இமாம் ஸர்னூஜி (ரஹ்) அவர்கள், கல்வியையும் ஆசிரியரையும் தேர்ந்தெடுப்பது பற்றிப் பேசும் அதே பாடத்தில் கல்வித் தோழரைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் பேசுகிறார்கள். நட்பு ஓய்வு நேரத்துக்குரியது என்று அவர்கள் ஒதுக்கவில்லை. கல்வியின் நிபந்தனைகளுள் ஒன்றாக வைத்தார்கள்.

முதல் வட்டம் மாணவருக்கு வேரைத் தந்தது. இரண்டாவது அவரைப் பிறரோடு பிணைத்தது. முதலாவது இல்லையேல் புதியவர் கலங்கிப்போவார். இரண்டாவது இல்லையேல் வந்தபடியே திரும்புவார்.

ஒரே ஒரு தோழர்

எந்த ஏற்பாட்டிலும் விடுபட்டோர் உண்டு. சிறு வயதிலேயே பார்வையிழந்த தாஹா ஹுஸைன், 1902-இல் அல்அஸ்ஹரில் பயிலக் கெய்ரோ வந்தார். அவருடைய ஆய்வு முடிவுகளோடு மாறுபடுவோரும் ‘அல்அய்யாம்’ என்னும் தன்வரலாற்றின் இரண்டாம் பாகத்தைப் படித்து உருகாமல் இருக்க முடியாது. அவர் தங்கியிருந்தது அண்ணனோடு, வாடகை அறையில். அண்ணன் பக்கத்து அறைகளில் தோழர்களோடு படிக்கவும் உரையாடவும் சென்றுவிட, சுவருக்கப்பால் எழும் சிரிப்பொலியைக் கேட்டபடி அச்சிறுவர் இருளில் தனித்திருந்தார். அண்ணன் கொடியவர் அல்லர். அவருக்குப் படிப்பு இருந்தது. அவ்வளவுதான். பின்னர் சிற்றன்னையின் மகன் ஊரிலிருந்து உடன்தங்க வந்து சேர்ந்தார். அன்றே தாஹாவின் வாழ்வு மாறிற்று. அதே நகரம், அதே அறை, அதே பாடங்கள். கூடுதலாக வந்தவர் ஒருவர் மட்டுமே.

நூற்றுக்கணக்கானோர் நடுவே இருப்பது தனிமைக்கு மருந்தாகாது என்பதற்கும், ஒரே ஒருவர் போதும் என்பதற்கும் இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

வட்டம் மதிலாகும்போது

மறுபுறமும் நோக்குதல் வேண்டும். 1896-இல் கெய்ரோவில் காலரா பரவியபோது ஷாமியர் ரிவாக்கில் ஒரு மாணவர் நோயுற்றார். அவரைக் கொண்டுசெல்ல வந்த சுகாதார அதிகாரிகளை ரிவாக்கினர் தடுத்தனர். கைகலப்பு மூண்டது. காவலர்கள் பள்ளிக்குள் சுட்டதில் உயிரிழப்பும் நேர்ந்தது. அந்நிய ஆதிக்கத்தின் மீதிருந்த அச்சமும் ஐயமும் இதற்குக் காரணம் என்பதை மறுக்கவியலாது. எனினும், தோழரைக் காக்க எழுந்த அதே பற்று, அவருக்குத் தேவைப்பட்ட மருத்துவத்துக்கு எதிராகவே நின்றது. கூட்டத்தின் கதவு மூடிக்கொண்டால், உள்ளே இருப்பவரும் ஆபத்துக்கு உள்ளாவார்.

இன்னொரு குறையும் உண்டு. இக்கூடங்களில் பெண்களுக்கு இடமிருக்கவில்லை. 1961ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின்னரே அல்அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கான கல்லூரி தோன்றியது. உடன்பயிலும் வாழ்வின் பயனைச் சமூகத்தின் ஒரு பாதி நெடுங்காலம் இழந்திருந்தது.

நமது கல்லூரிகளில்

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்துக்குத் தமிழ் மாணவரோடு மலபார் மாணவரும் திரளாக வந்தனர். இன்றும் தமிழ் ஆலிமும் மலையாள ஆலிமும் ‘பாகவி’ என்னும் ஒரே பெயரைச் சுமக்கின்றனர். மன்பஈ, ஜமாலி, நளீமி என நம் ஆலிம்களின் பெயரோடு கற்ற இடத்தின் பெயர் ஒட்டி வாழ்வதை எண்ணிப் பார்க்க வேண்டும். பட்டத்தை மட்டுமன்று, உண்ட இடத்தையும் உறங்கிய இடத்தையும் அது பறைசாற்றுகிறது.

ஆனால் அரபுக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் நம் மாணவர், முதல் வாரத்தில் யாரோடு அமர்ந்து உண்கிறார்? கிராமத்திலிருந்து வந்து, மாலைப் பேருந்துக்காக வகுப்பு முடிந்தவுடன் ஓடும் மாணவிக்குக் கல்லூரியில் வகுப்பறையைத் தவிர வேறு எந்த இடம் உரியது? விடுதி இருக்கிறது, ரிவாக்கின் ஷைக் இல்லை. வகுப்பு இருக்கிறது, முதாகரா இல்லை. கைப்பேசியில் ஊர் நண்பர் அனைவரும் இருக்கின்றனர். அடுத்த அறையில் இருப்பவரின் பெயர் தெரியவில்லை.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. புதிய மாணவர் ஒவ்வொருவருக்கும் மூத்த மாணவர் ஒருவரைப் பொறுப்பாக்கலாம். வராதவரைப் பெயர் சொல்லித் தேடும் கடமையை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்கலாம். வீடு திரும்பும் மாணவ மாணவியர் தங்கிப் படிக்கப் பகல்நேரக் கூடம் ஒன்றை ஒதுக்கலாம். நம் விருந்துகளில் சிலர் ஒரே சஹனைச் சூழ்ந்து உண்ணும் வழக்கத்தின் கருத்தை விடுதி உணவறைக்கும் கொண்டுசெல்லலாம். அதே வேளையில், ஊராலும் சமயத்தாலும் பிரிந்து நிற்கும் மாணவரைப் பாடத்தின் பெயரால் கலந்து அமரச் செய்யும் இரண்டாம் வட்டத்தையும் மறந்துவிடலாகாது. நம் பிள்ளைகள் தம்மவரோடு மட்டும் ஒதுங்கிவிட்டால், அவர்கள் பல்கலைக்கழகத்தில் தங்கியிருப்பார்களே அன்றி வாழ்ந்திருக்க மாட்டார்கள்.

முஜாவிர் என்னும் சொல் இருபுறமும் செல்வது. நமக்கு அயலாராக ஒருவர் இருந்தால், அவருக்கு நாமும் அயலாரே. எனவே ‘இங்கே எனக்கு யார் இருக்கிறார்?’ என்று கேட்டு வரும் மாணவருக்கு நம் கல்லூரி முதலில் விடை தர வேண்டும். ‘இங்கே நான் யாருக்கு இருக்கிறேன்?’ என்று கேட்கும் பக்குவத்தை அவர் வெளியேறுமுன் அளிக்கவும் வேண்டும்.