மரவள்ளி மாவில் மக்கும் பிளாஸ்டிக்: சிறு விவசாயிக்கு என்ன பயன்?

கொல்லையை உழும்போது மண்ணோடு சேர்ந்து பாலிதீன் துண்டுகளும் புரண்டு வருவதைக் கறம்பக்குடி வட்டார விவசாயிகள் பலர் பார்த்திருப்பீர்கள். தென்னங்கன்றும் மரக்கன்றும் வந்த பை, உரச் சாக்கின் உள்ளுறை, மிளகாய்ப் பாத்தியில் விரித்த மூடாக்குத் தாள், சந்தையில் கொடுத்த பை ஆகிய எல்லாம் குப்பைக்குழிக்குப் போகின்றன. அங்கிருந்து எருவோடு கலந்து மறுபடியும் நிலத்துக்கே வந்துவிடுகின்றன. மண்ணில் தங்கிய பாலிதீன், மழைநீர் இறங்குவதையும் வேர் ஓடுவதையும் தடுக்கிறது. மேய்ச்சலில் அதைத் தின்ற மாடு வயிறு அடைத்துச் சாவதும் உண்டு.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தடை வந்தது. அதன் பிறகு "மரவள்ளி மாவில் செய்தது, மண்ணில் மக்கிவிடும்" என்ற பைகள் கடைகளுக்கு வரத் தொடங்கின. இவை என்ன, இவற்றை நம்பலாமா, இதற்காக மரவள்ளி பயிரிடலாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்து கொள்வது நல்லது.

மாவு பிளாஸ்டிக் ஆவது எப்படி?

வேட்டிக்குக் கஞ்சி போடுகிறோம். காய்ந்தபின் துணி விறைப்பாக நிற்கிறது. கஞ்சியைத் தட்டில் மெல்லிசாக ஊற்றிக் காயவைத்தால் கண்ணாடி போன்ற ஏடு கிடைக்கும். ஆனால் மடக்கினால் ஒடிந்து போகும். அந்த மாவுடன் நீரும் கிளிசரினும் சேர்த்து, எந்திரத்தில் சூடாக்கிப் பிசைந்தால் ஏடு ஒடியாமல் வளையும். மாவுப் பிளாஸ்டிக்கின் அடிப்படை இவ்வளவுதான்.

இதில் ஒரு குறை உண்டு. வெறும் மாவுப் பை ஈரம் பட்டால் இளகிவிடும், பாரமும் தாங்காது. எனவே மக்கக்கூடிய வேறொரு பிளாஸ்டிக்கையும் இத்துடன் கலக்கிறார்கள். அப்படிக் கலக்கப்படுவது பல சமயங்களில் பெட்ரோலியத்திலிருந்து வந்ததாகவே இருக்கிறது. ஆகவே "மரவள்ளிப் பை" என்றால் முழுக்க முழுக்க மரவள்ளி என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னொரு வழியும் உண்டு. பால் புளித்துத் தயிராகும்போது நுண்ணுயிர்கள் ஒருவகை அமிலத்தை உண்டாக்குகின்றன. அதுவே லாக்டிக் அமிலம். மக்காச்சோள மாவு அல்லது கரும்புச் சர்க்கரையை நுண்ணுயிர்களைக் கொண்டு புளிக்கவைத்து இதே அமிலத்தைப் பெருமளவில் எடுத்து, அதிலிருந்து பிளாஸ்டிக் செய்கிறார்கள். அமெரிக்காவில் மக்காச்சோளத்திலிருந்தும் தாய்லாந்தில் கரும்பிலிருந்தும் பெரிய ஆலைகள் இதைத் தயாரிக்கின்றன. உத்தரப் பிரதேசத்தில் சர்க்கரை நிறுவனம் ஒன்று இத்தகைய ஆலை அமைக்கப் போவதாக 2024இல் அறிவித்தது.

நம் பக்கத்தில், 1963இல் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் மரவள்ளி மாவைப் பாலிதீனுடன் கலக்கும் ஆராய்ச்சியை முன்பே செய்துள்ளது. அத்தகைய கலவையில் மாவுப் பகுதியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும். பாலிதீன் பகுதியோ துகளாகி மண்ணில் தங்கும். "உதிர்வது" வேறு, "மக்குவது" வேறு என்பதை இதிலிருந்து உணர வேண்டும்.

உண்மையில் மக்குமா?

மக்கும் பிளாஸ்டிக்குக்கு இந்தியாவில் ஐ.எஸ். 17088 என்ற தரம் உள்ளது. சுமார் 58 டிகிரி வெப்பத்தில் வைத்த கம்போஸ்டில், 180 நாளுக்குள் பொருளிலுள்ள கரிமச்சத்தில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாறிவிட வேண்டும் என்பது இதன் முக்கிய நிபந்தனை. 58 டிகிரி என்பது கை வைக்க முடியாத சூடு. நன்றாக அமைத்துக் கிளறிவிடும் பெரிய எருக்குவியலின் நடுவில்தான் அந்தச் சூடு பிறக்கும். வயல் மண்ணிலோ வாய்க்காலிலோ குளத்திலோ அது கிடையாது. கரும்பு, மக்காச்சோளத்திலிருந்து வரும் லாக்டிக் அமிலப் பிளாஸ்டிக் குளிர்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆகவே "மக்கும்" என்று எழுதியிருந்தாலும் வரப்பில் எறிந்துவிடலாகாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. பையின்மேல் 'கம்போஸ்டபிள்' என்ற சொல்லும், தயாரிப்பாளர் பெயரும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழங்கிய சான்றிதழ் எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இலைப் படமும் பச்சை நிறமும் சான்று ஆகா.

2. மருந்துக் கடை அயோடின் ஒரு சொட்டு விட்டால் மாவு உள்ள பொருள் கருநீலமாகும். ஆனால் மாவு இருக்கிறது என்பதை மட்டுமே இது காட்டும். மீதமுள்ள பகுதியும் மக்கும் என்பதற்கு இது அத்தாட்சி ஆகாது.

3. கொதிநீரில் கரைத்துக் காட்டி விற்பவர்களும் உண்டு. நீரில் கரைவதும் மண்ணில் மக்குவதும் ஒன்றல்ல.

4. சந்தேகம் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். ஒரு வலைப்பையில் அந்தப் பையின் துண்டு, சாதாரணப் பாலிதீன் துண்டு, ஒரு பிடி வைக்கோல் மூன்றையும் போட்டு ஈரமான எருக்குழியின் நடுவில் புதையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வைக்கோல் மக்கியும் அந்தத் துண்டு பாலிதீனைப் போலவே இருந்தால் உங்கள் குழியில் அது மக்காது என்று முடிவு செய்யலாம்.

இதை நம்பி மரவள்ளி போடலாமா?

செம்மண் கொல்லைக்கு மரவள்ளி ஒத்துவரும் பயிர். ஆனால் கணக்குப் பார்த்து இறங்க வேண்டும். ஏக்கருக்கு 12 டன் கிழங்கு விளைந்து, அதில் கால் பங்கு மாவுச்சத்து என்று கொண்டால் 3 டன் மாவு ஆகும். ஆலைகள் எடைக்கு மட்டும் விலை தருவதில்லை. மாவுச்சத்தைப் 'புள்ளி'யாக அளந்து விலை போடுகின்றன. புள்ளி குறைந்தால் விலையும் குறையும். வெட்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெடத் தொடங்கும். மாவு ஆலைகளோ பெரும்பாலும் சேலம், நாமக்கல் பக்கம் உள்ளன. லாரி வாடகை போக என்ன மிஞ்சும் என்பதே முதல் கேள்வி.

இன்றும் அந்த ஆலைகள் பெரும்பாலும் ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும்தான் கிழங்கு வாங்குகின்றன. "பிளாஸ்டிக் செய்யக் கிழங்கு எடுத்துக்கொள்கிறோம், கரணைக்கு முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் அவசரப்பட வேண்டாம். ஆலை எங்கே இயங்குகிறது, விலை எவ்வளவு, வண்டி வாடகை யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது. மரவள்ளி எட்டு முதல் பத்து மாதப் பயிர். வாங்குவதாகச் சொன்னவர் வராமல் போனால் அந்த ஆண்டு வருமானமே போய்விடும். பயிரிடுவோர் தேமல் நோய் இல்லாத செடியிலிருந்து கரணை எடுப்பது அவசியம். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் இரகங்கள் பற்றி விசாரிக்கலாம்.

இப்போதே செய்யக்கூடியது

மண்ணிலேயே மக்கும் மூடாக்குத் தாள்கள் வெளிநாடுகளில் பயன்பாட்டில் உள்ளன. அவை சாதாரணத் தாளைவிட விலை கூடியவை. சிறு விவசாயிக்கு இப்போது கட்டுப்படியாவது கடினம். ஆனால் மூடாக்குக்கு நம்மிடமே பொருள் இருக்கிறது. தென்னை ஓலை, வைக்கோல், கரும்புத் தோகை, நிலக்கடலைத் தோல் ஆகியவை ஈரத்தைக் காத்து, களையை அடக்கி, கடைசியில் தாமே எருவாகும். பாலிதீன் தாள் விரித்தவர்கள் அறுவடை முடிந்ததும் கிழிவதற்கு முன் சுருட்டி எடுத்துவிட வேண்டும். கன்று நடும்போது பையைக் கிழித்துக் குழியிலேயே விடாமல் ஒரு சாக்கில் சேர்த்துப் பழைய பொருள் வியாபாரியிடம் கொடுக்கலாம். எரித்தால் நச்சுப்புகை உண்டாகும், எரிப்பதைத் தவிர்க்கவும். வீட்டு விசேஷங்களுக்கு வாழை இலையும் பாக்கு மட்டைத் தட்டும், சந்தைக்கு மஞ்சள் பையும் இருக்கவே இருக்கின்றன.

மாவுப் பிளாஸ்டிக் நல்ல முயற்சி. நாளை அது வளர்ந்து நம் கிழங்குக்கும் கரும்புக்கும் புதிய சந்தையைத் தரலாம். அதுவரை சான்று பார்த்து வாங்கவும், சந்தை பார்த்துப் பயிரிடவும். மேலும் விவரம் தேவைப்படுவோர் வம்பனிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ, வட்டார வேளாண் விரிவாக்க அலுவலரையோ அணுகி ஆலோசனை பெறலாம்.