நீண்ட சொல்லை எங்கே பிரிப்பது?

பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகள் தமிழ் நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் ‘மிகச்சிறந்தவர்களுக்காகவும்’ என்று ஒரு சொல் வந்தால் அப்படியே நின்னுடறாங்க. இரண்டு மூன்று முறை தடுக்கினால் புத்தகத்தையே மூடிவிடுகிறார்கள். இதற்கு மருந்து, சமண முனிவர் அமிதசாகரர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இயற்றிய யாப்பருங்கலக்காரிகையில் இருக்கிறது. அதுதான் அசை பிரித்தல்.

விதி எளிது. குறிலோ நெடிலோ தனித்து நின்றால் நேரசை. இரு குறில் இணைந்தாலும், குறிலும் நெடிலும் இணைந்தாலும் நிரையசை. புள்ளி எழுத்து எப்போதும் முன்னால் உள்ள அசையோடு போகும். ‘வாழ்க்கை’ போல இரண்டு புள்ளி வந்தாலும் அப்படியே: வாழ்க் / கை.

இனி அந்தச் சொல்லைப் பிரிப்போம்: மிகச் / சிறந் / தவர் / களுக் / கா / கவும். ஆறே அசை! ‘கா’ மட்டும் நேர், மற்றவை நிரை.

‘மிக’வுக்குப் பின் வந்த ‘ச்’ முன்னசையில் ஒட்டியதைக் கவனியுங்கள். இத்தாலிய மொழியிலும் இதே கதைதான். ‘மிக அழகான’ என்பதற்கு அவர்கள் ‘பெல்லிஸ்ஸிமோ’ என்பார்கள்: பெல் / லிஸ் / ஸி / மோ. இரட்டித்த மெய் இரண்டாகப் பிரிகிறது. அழுத்தம் ‘லிஸ்’ மேல் விழுகிறது. கன்னடத்தில் ஒத்தக்ஷரம் அடியில் எழுதப்படுவதால் இந்தப் பிரிவு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதற்கு முந்தைய எழுத்து குரு ஆகும் என்பதே அவர்கள் யாப்பு. ஆக, காது கேட்பது ஒன்றுதான்.

ஒரு வேற்றுமை உண்டு. இத்தாலியத்தில் அழுத்தம் இடம் மாறினால் பொருளே மாறலாம். ‘அங்கோரா’வில் முதலசையை அழுத்தினால் நங்கூரம், நடுவசையை அழுத்தினால் ‘இன்னும்’. தமிழில் பொருளைக் காப்பது அழுத்தம் அல்ல. குறில், நெடில், இரட்டிப்பு ஆகியவையே. படம், பாடம், பட்டம் மூன்றும் வேறு வேறு.

மிகுதியைக் காட்ட நாம் என்ன செய்கிறோம்? உரிச்சொல்லை முன்னால் வைக்கிறோம்: நனிபெரிது, தவப்பெரிது, சாலச்சிறந்தது. பேச்சிலோ ‘பெரீய வீடு’ என்று நீட்டுகிறோம். வேடிக்கை என்னவென்றால், ‘பெரி / ய’, ‘பெரீ / ய’ இரண்டுமே நிரை நேர்தான்! உணர்ச்சி நீள்கிறது, அசை அசையவில்லை.

நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் சமணரே. அவரை அந்நூல் செய்யச் சொன்ன சீயகங்கன் கங்கர் மரபினன். கங்கர்களின் பழைய குவளாலபுரம்தான் நமக்குப் பக்கத்திலுள்ள கோலார். எனவே இந்த இலக்கணம் இந்த மண்ணுக்கு அந்நியம் அல்ல.

பிள்ளை தடுக்கும் சொல்லில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். முதலில் அசை அசையாகவும், பிறகு சேர்த்தும் வாசிக்கட்டும். சொல் எவ்வளவு நீளமானாலும் அசை சிறியதுதான்.