கம்பியற்ற மின்கருவிகளும் மின்கலவடுக்கின் ஆயுளும்

கைத்தொழிலின் வரலாறு கருவிகளின் வரலாறேயாம். கயிறு சுற்றி இழுத்துச் சுழற்றிய துறப்பணத்தின் இடத்தை மின்சாரத்தாற் சுழலும் துறப்பணம் பெற்றது. பின்னர் அதுவும் சுவரோடு தன்னைப் பிணைத்திருந்த கம்பியை அறுத்துக்கொண்டு, கூரையின் உச்சிக்கும் மின்சாரம் எட்டாத புதுமனைக்கும் தொழிலாளியின் கையோடு செல்லலாயிற்று. இவ்விடுதலையைத் தந்தது கருவியின் அடியிற் பொருத்தப்படும் மின்கலவடுக்கு. மக்கள் வழக்கிற் பற்றரி எனப்படுவது அதுவே.

ஆயின் கருவியின் உறுப்புக்களுள் பெரும்பாலும் முதலில் நலிவதும் அம்மின்கலவடுக்கே. மோட்டரும் பற்சில்லுகளும் நன்னிலையில் இருப்பவும், அடுக்கு வலுவிழந்தமையால் முழுக்கருவியும் மூலையில் ஒதுக்கப்படுதலைப் பட்டறைகளிற் காணலாம். புதிய அடுக்கின் விலை சிலவேளைகளிற் கருவியின் விலையையே நெருங்குமாதலின், தன் உழைப்பையே நம்பி வாழும் தச்சனுக்கு இஃது அற்ப விடயமன்று. அடுக்கு காலத்துக்கு முன்னரே அழிவதற்குக் காரணம் யாது? உற்பத்திக் குறைபாடு சிலவிடத்துக் காரணமாகலாம். ஆயினும், பழைய மின்கலத்துக்கு உரிய விதிகளைப் புதிய மின்கலத்துக்கும் கைக்கொள்ளுதலும், வெப்பத்தைப் பொருட்படுத்தாமையுமே பயன்படுத்துவோரால் நேரும் பெருங்கேடுகள் என்பது மின்கலத்தின் இயல்பை ஆராய்வார்க்குப் புலனாகும்.

நிக்கல்-கட்மியக் காலம்

கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விரலால் அழுத்தும் விசையும் அமைந்த மின்துறப்பணத்துக்கு அமெரிக்காவிலுள்ள பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம் 1917ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றது. அந்நிறுவனமே 1961இற் கம்பியற்ற துறப்பணத்தையும் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதற்கு வலுவளித்தது நிக்கல்-கட்மிய மின்கலமாகும். சுவீடன் நாட்டு அறிஞர் வால்டமார் யுங்னர் 1899இல் இக்கலத்தை அமைத்தவர்.

கருவியின் நம்பகம் மின்கலத்தை மட்டும் பொறுத்ததன்று என்பதற்குச் சந்திரனிலேயே ஒரு சான்று உண்டு. 1971இல் அப்பலோ 15 பயணத்தின்போது விண்வெளி வீரர்கள் மின்கலத்தால் இயங்கும் துறப்பணத்தைக் கொண்டு சந்திரனின் நிலத்தைத் துளைத்தனர். எண்ணிய ஆழத்தை எட்டுதல் அரிதாயிற்று. குறை மின்கலத்தில் இருக்கவில்லை. துளைக்குந் தண்டின் பொருத்துக்களிற் புரியமைப்புத் தொடராமையால், வெட்டுண்ட மண் மேலேறி வெளியேற இயலாது தடைப்பட்டது. தண்டு திருத்தியமைக்கப்பட்டு அடுத்த பயணத்திற் பயன்பட்டது.

நிக்கல்-கட்மியக் கலம் பெரிய மின்னோட்டத்தை எளிதில் தரும். முரட்டுக் கையாளுகையையும் பொறுக்கும். ஆயின் ஒரு கலத்தின் அழுத்தம் 1.2 வோல்ற்று மாத்திரமே; 18 வோல்ற்றுப் பெறுவதற்குப் பதினைந்து கலங்களைத் தொடராக இணைத்தல் வேண்டும். ஆகவே அடுக்குப் பாரமாயிற்று. சும்மா வைத்திருப்பினும் திங்கள்தோறும் பத்திலொரு பங்கு அல்லது அதனினும் மிகுதியான ஏற்றம் தானாகவே குறையும். மேலும், பகுதியளவே பயன்படுத்தி மீண்டும் மீண்டும் ஏற்றிவரின், கலம் அவ்வளவையே “நினைவிற் கொண்டு” அதற்கப்பால் அழுத்தந் தாழ்வதும் உண்டு. இதனாலேயே “முற்றாக இறக்கிய பின்னரே ஏற்றுக” என்னும் விதி தொழிலாளரிடையே வேரூன்றியது. விசையை நாடாவாற் கட்டி, மோட்டர் நிற்குமட்டும் ஓடவிடுவோரும் இருந்தனர். அளவு கடந்த இவ்விறக்கம் அக்காலத்திலும் நன்மை தரவில்லை. தொடரிலுள்ள வலுக்குன்றிய கலத்தின் முனைவுகள் மாறி, அக்கலம் பழுதுற்றது. கட்மியம் நச்சுத்தன்மையுடையது. ஐரோப்பிய ஒன்றியம் கம்பியற்ற கருவிகளுக்கு அளித்திருந்த விலக்கு 2016ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவுற்றது.

இலிதியத்தின் வருகை

1991இல் சோனி நிறுவனம் இலிதியம்-அயன் கலத்தை வணிகத்துக்குக் கொணர்ந்தது. அதற்கு அடிகோலிய குடினஃப், விற்றிங்காம், யோசினோ என்னும் மூவர்க்கும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது. ஆரம்பத்தில் இக்கலம் சிறு மின்னோட்டம் வேண்டும் இலத்திரனியற் பொருள்களுக்கே ஏற்றதாயிருந்தது. 2003இற் பொஷ் நிறுவனம் திருகாணி பூட்டும் சிறு கருவியொன்றில் அதனைப் பயன்படுத்தியது. 2005இல் மில்வாக்கி நிறுவனம் 28 வோல்ற்றுக் கருவித் தொகுதியை வெளியிட்டதோடு, இலிதியம் கடின வேலைக்கும் உரியதாயிற்று.

இக்கலத்தில் ஒரு மின்வாய் பெரும்பாலும் காரீயத்தாலானது. மற்றையது நிக்கல், மங்கனீசு, கோபாற்று முதலியவற்றின் ஒட்சைட்டால் ஆனது. ஏற்றும்போது இலிதியம் அயன்கள் காரீயத்தின் படைகளினிடையே புகுந்து தங்கும். வேலை செய்யும்போது மீண்டு வரும். நெசவுத் தறியின் நாடா இருபுறமும் ஓடுதல் போன்றது இவ்வியக்கம். ஓடும் அயன்களின் தொகையே கலத்தின் கொள்ளளவு. அத்தொகை குறையக் குறையக் கலம் மூப்படையும்.

அடுக்கின்மீது பொறித்த எண்கள்

இலிதியக் கலமொன்றின் பெயரளவு அழுத்தம் 3.6 வோல்ற்று. ஐந்து கலங்கள் தொடராக இணைந்தால் 18 வோல்ற்றாகும். முழு ஏற்றத்தில் ஒரு கலம் 4 வோல்ற்றுக்குச் சிறிது மேலாக நிற்குமாதலால், அதே ஐந்து கலங்களைச் சிலர் “உச்சம் 20 வோல்ற்று” எனக் குறிப்பர். இரண்டும் ஒன்றே, பெரிய எண்ணைக் கண்டு வலு மிகுதியென மயங்குதல் தகாது.

அழுத்தத்தை அம்பியர்-மணியாற் பெருக்கின் சத்தியின் அளவு கிடைக்கும். 18 வோல்ற்று, 5 அம்பியர்-மணி அடுக்கில் 90 வாற்று-மணிச் சத்தி உண்டு. வேலை செய்யக்கூடிய நேரத்தை ஒப்பிடுதற்கு உதவும் எண் இதுவேயாம்.

தடையும் வெப்பமும்

ஒவ்வொரு கலத்துக்கும் அகத்தடை உண்டு. ஒரு கலத்தின் தடை 20 மில்லியோம் எனக் கொள்வோம். ஐந்து கலத் தொடரின் தடை 0.1 ஓம். தடித்த மரத்தைத் துளைக்கையில் 30 அம்பியர் மின்னோட்டம் பாய்ந்தால், 3 வோல்ற்று அடுக்கினுள்ளேயே இழக்கப்படும். 90 வாற்று வெப்பமாக மாறும். பத்துக் கலங்கள் உள்ள அடுக்கில் இவ்விரண்டாகச் சமாந்தரமாய் இணைக்கப்பட்ட ஐந்து சோடிகள் தொடராக நிற்கும், தடை பாதியாகும், வெப்பமும் 45 வாற்றாகக் குறையும். அதுவும் பத்துக் கலங்களிடையே பகிரப்படுவதால், ஒரு கலத்தில் தோன்றும் வெப்பம் காற்பங்கேயாம். பெரிய அடுக்கு நீண்ட நேரம் உழைப்பதோடு நெடுங்காலம் நிலைப்பதற்கும் காரணம் இதுவே. வட்டவாள் போன்ற பெருஞ்சுமைக் கருவிகளுக்குச் சிறிய அடுக்கைப் பூட்டுதல், இளங்கன்றைப் பார வண்டியிற் பூட்டுதலை ஒக்கும்.

மூப்பின் காரணங்கள்

காரீயத்தின் மேற்பரப்பில் முதல் ஏற்றத்தின்போதே மெல்லிய படலமொன்று தோன்றும். அது கலத்துக்குக் காப்பாகும். ஆயின் காலப்போக்கில் தடித்து, ஓடும் இலிதியத்தைச் சிறிது சிறிதாக விழுங்கும். கலம் பயன்படாது கிடப்பினும் இத்தாக்கம் நிகழும். வெப்பம் ஏறுந்தோறும் அது விரைவுறும். 10 பாகை ஏறினால் இரசாயனத் தாக்கத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்னும் பொதுவிதியை மாணவர் அறிவர். நண்பகல் வெயிலில் மூடிய வாகனத்தினுள் வெப்பநிலை 60 பாகை செல்சியசை அணுகக்கூடும். எம்போன்ற வெப்ப நாட்டினர்க்கு இதுவே முதன்மையான எச்சரிக்கை. முழு ஏற்றமும் உயர் வெப்பமும் ஒருங்கு சேரின் மூப்பு மேலும் விரைவுறும்.

மறுபுறத்தில், அளவு கடந்த இறக்கமும் கொடிது. கலத்தின் அழுத்தம் மிகத் தாழ்ந்தால், உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பின்னர் ஏற்றும்போது அச்செம்பு வேண்டாவிடத்துப் படிந்து உட்குறுஞ்சுற்றை விளைவிக்கலாம். இதனாலேயே அடுக்கிலோ கருவியிலோ உள்ள காப்புச்சுற்று குறித்த எல்லையில் மோட்டரை நிறுத்துகின்றது. நின்றபின் விசையை மீண்டும் மீண்டும் அழுத்துதல் அக்காப்பை அவமதித்தலாகும்.

வலுக்குன்றிய கலம்

ஓர் அடுக்கு பழுதாயிற்று என்றால் அதன் கலங்கள் யாவும் அழிந்தன என்பது பொருளன்று. தொடரிணைப்பில் எல்லாக் கலங்களினூடாகவும் ஒரே மின்னோட்டமே பாயும். நுகத்திற் பூட்டிய எருதுகளுள் ஒன்று தளர்ந்தால் மற்றையதன் வலியால் வண்டி விரையாதவாறு போல, ஒரு கலம் வலுக்குன்றின் ஏனைய நான்கும் பயனிழக்கும். அக்கலம் ஏனையவற்றுக்கு முன்னரே வெறுமையாகும். காப்புச்சுற்று முழு அடுக்கையும் நிறுத்திவிடும். நல்ல உற்பத்தியாளர் ஒத்த இயல்புடைய கலங்களைத் தெரிந்து சேர்ப்பதும், ஒவ்வொரு கலத்தையும் தனித்தனி கண்காணிப்பதும் இதன்பொருட்டே. பெயரை மாத்திரம் போலியாக ஒட்டிய மலிவான அடுக்குக்களில் இவ்விரண்டையும் எதிர்பார்த்தல் இயலாது.

பேணும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து சில விதிகள் தாமே பெறப்படும். இலிதிய அடுக்கை முற்றாக வெறுமையாக்கவேண்டிய தேவையில்லை. வலு தளர்ந்தமை தெரிந்தவுடன் மாற்றுதலே நன்று. வேலையாற் சூடேறிய அடுக்கை ஆறவிட்டபின் ஏற்றுதல் வேண்டும். பல வாரங்களுக்குப் பயன்படாதெனின் ஏறத்தாழ அரைவாசி ஏற்றத்துடன், கருவியினின்று கழற்றி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தல் தகும். வெறுமையாக வைத்தல் கூடாது. வீங்கியதும் நசுங்கியதும் தீப்பற்றக்கூடியனவாதலின் அவற்றை ஏற்ற முயலற்க. நெருப்பிலோ குப்பையிலோ இடற்க.

இவ்வாறு பேணப்படும் அடுக்கும் அழியாததன்று. சில நூறு முதல் ஆயிரம் வரையான ஏற்ற இறக்கங்களின் பின் அதன் கொள்ளளவு பொதுவாக ஐந்தில் நான்கு பங்காகக் குறையும். இயற்கையான அம்மூப்பைத் தடுத்தல் எவர்க்கும் இயலாது. அறியாமையால் வரும் இளமைச் சாவைத் தடுத்தல் இயலும். நிக்கலுக்கு உரிய வழக்கத்தை இலிதியத்தின்மேற் சுமத்தும் தொழிலாளி, தன் தந்தையிடம் கற்ற பாடத்தை நேர்மையாகவே பின்பற்றுகின்றான். பாடம் எழுந்த காரணம் மறைந்துபோனமையை அவனுக்கு உணர்த்துவார் இல்லை. விதியை மட்டுமன்றி அதன் காரணத்தையும் கற்பித்தல் கல்வியின் கடனாகும். காரணம் அறிந்தவன் பொருள் மாறும்போது தன் வழக்கத்தையும் மாற்றிக்கொள்வான். அவன் கையிற் கருவியும் நெடிது வாழும்.