கிளட்ச் மிதி இல்லாத கார்: ஏற்றத்தில் கவனம் தேவை

கிளட்ச் மிதி இல்லாத கார்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. 2014-இல் மாருதி செலேரியோ மூலம் இந்தியாவில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வகையில் இருப்பது சாதாரண கியர்ப்பெட்டியும் கிளட்ச் தட்டுமே. அவற்றைக் கால், கைக்குப் பதிலாகக் கருவி இயக்குகிறது. விலை குறைவு, ஆனால் கியர் மாறுகையில் இழுவை சற்று அறுந்து வண்டி குலுங்கும். பழைய ஆட்டோமேட்டிக் வகையில் எண்ணெய் வழியே விசை கடத்தப்படுவதால் ஓட்டம் சீராக இருக்கும், விலை கூடுதல்.

ஏ.எம்.டி. கார் வைத்துள்ள ஆனையூர் வட்டார விவசாயிகள், கண்மாய்க்கரை ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைத்தல் கூடாது. கிளட்ச் தட்டு சூடேறிக் கருகும். மல்லிகை விற்ற காசு பட்டறைக்குப் போகும். பிரேக்கை அழுத்தி நிற்கவும். கிளம்பும்போது வண்டி பின்னால் உருளாமலிருக்கக் கைப்பிரேக்கைப் பயன்படுத்துவது நலம்.