வகுப்பில் கிடைப்பது கால் பங்கு

எழுதப் பழகுவோம் – 9

‘ஒரு’, ‘ஓர்’ பற்றிப் போன வாரம் எழுதியதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். எந்த வகுப்பில் சேர்ந்தால் பிழையில்லாமல் எழுத வரும்? பணம் கட்டவும் தயாராக இருக்கிறார்கள், நேரம் ஒதுக்கவும் தயாராக இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் காரமடையில் ஒரு தள்ளுவண்டியைக் காட்ட வேண்டும்.

மேட்டுப்பாளையம் சாலையோரம் நிற்கிற வண்டி அது. அரைக்கீரையும் சுக்குட்டிக் கீரையும் கட்டுக்கட்டாக அடுக்கி, ஈரச் சாக்கைப் போர்த்தியிருப்பார்கள். முன்னால் ஓர் அட்டை தொங்கும். அதில் ‘கீரை கடை’ என்று எழுதியிருக்கும்.

எங்கள் பக்கத்து அடுப்படியில் ‘கீரை கடை’ என்பது ஒரு வேலை. வெந்த கீரையைச் சட்டியில் வைத்து மத்தால் மசிப்பது. அம்மா அரிசி களைந்துகொண்டே, “கண்ணு, அந்தக் கீரை கடை” என்று மகளிடம் சொல்வார். கீரை விற்கிற இடமோ ‘கீரைக் கடை’. நடுவில் ஒரு ‘க்’ வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு ஆசாரத்தில் எட்டுப் பத்துப் பேர் கூடி எழுதப் பழகுகிறோம். வாழைத்தார் மண்டியில் கணக்கெழுதும் ஒரு தம்பி அதில் உண்டு. இந்த அட்டையைப் பற்றிச் சொன்னபோது அவர் சும்மா விடவில்லை.

“ஏனுங்கய்யா, வண்டி நெறைய கீரை இருக்குது. அந்தம்மா விக்கறாங்கன்னு சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரு புள்ளி வெச்ச எழுத்து இல்லாட்டி என்னங்க கெட்டுப்போச்சு?”

நியாயமான கேள்வி. வண்டியில் எழுத்துக்குத் துணையாகக் கீரை இருக்கிறது, விற்கிறவர் இருக்கிறார், கூவுகிற குரலும் இருக்கிறது. நீங்கள் எழுதி அனுப்பும் விண்ணப்பத்துக்கோ கட்டுரைக்கோ அப்படி ஒரு துணையும் கிடையாது. தாள் தனியாகத்தான் போய்ச் சேரும். படிக்கிறவர் சந்தேகப்பட்டால் பக்கத்தில் நின்று விளக்க நீங்கள் இருக்க மாட்டீர்கள். இலக்கணம் அந்த இடத்தில்தான் வேலை செய்கிறது.

“சரி, அந்த அட்டையை வாய்விட்டுப் படிங்க” என்றேன். படித்தார். அட்டையில் இல்லாத ‘க்’ அவர் வாயில் வந்தது. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய காது அதைத் தானாகப் போட்டுவிட்டது. “தேருக்குப் போலாமுங்களா” என்று கேட்கிற யாரும் அந்தப் ‘ப்’பை விடுவதில்லை. “போய்ப் பாரு”, “வரச் சொல்லு”, “மண்டியைக் கேளு” எல்லாமே அப்படித்தான். நாவில் இருக்கும் ஒற்று பேனாவில் இறங்காமல் போவதுதான் சிக்கல். அதனால் எழுதியதை உரக்கப் படியுங்கள். எத்தனை குறிப்புகள் கொடுத்தாலும் என்னுடைய முதல் குறிப்பு இதுவாகத்தான் இருக்கும்.

வாய் எல்லா இடத்திலும் வழிகாட்டாது. நம் பேச்சில் ழகரம் தேய்ந்துவிட்டது. மண்டியில் ‘வாளைத்தார்’ என்றுதான் காதில் விழும். அப்படியே எழுதினால் வாளை என்ற மீன் வந்துவிடும். ல, ள, ழ விஷயத்தில் காதை நம்பாதீர்கள். சந்தேகம் வந்த சொல்லை அகராதியில் பார்த்து, ஒரு நோட்டில் தனியாக எழுதி வையுங்கள். அந்த நோட்டு நூறு சொற்களைத் தாண்டுவது அரிது. ஒவ்வொருவரும் திரும்பத் திரும்பச் செய்கிற பிழைகள் கொஞ்சம்தான்.

இப்போது வகுப்புக்கு வருவோம். எழுதக் கற்பவருக்கான மிகப் பழைய பாடத்திட்டங்களில் ஒன்று நம் கொங்கு நாட்டோடு தொடர்புடையது. மேட்டுப்பாளையத்திலிருந்து அன்னூர், அவிநாசி தாண்டிப் போனால் விசயமங்கலம். சமணர் கோயில் உள்ள ஊர். அதையும் தாண்டினால் பெருந்துறை, பக்கத்தில் சீனாபுரம். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊராகக் கொங்கு மக்கள் கொண்டாடுவது அந்தச் சீனாபுரத்தைத்தான். மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசனான சீயகங்கன் கேட்டுக்கொண்டதால், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தியார் நன்னூலை எழுதினார். மொத்தம் 462 நூற்பாக்கள். எழுத்ததிகாரத்தின் ஐந்து இயல்களில் மூன்று, ஒரு சொல்லும் இன்னொரு சொல்லும் சேரும்போது என்ன நடக்கிறது என்பதற்கே ஒதுக்கப்பட்டவை. அந்தத் தள்ளுவண்டியின் ‘க்’ அந்த மூன்று இயல்களுக்குள் எங்கோ இருக்கிறது.

பள்ளியில் புணர்ச்சி விதிகளை மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதற்கு முன்னால் பாயிரம் என்று ஒரு பகுதி உண்டு. 55 நூற்பாக்கள். நல்ல நூல் எது, யார் ஆசிரியர், யார் மாணவர், எப்படிச் சொல்லித்தருவது, எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. எழுத விரும்புகிறவருக்கு நன்னூலில் மிக உதவுவது இந்தப் பகுதி என்பது என் உறுதியான எண்ணம். தேர்வில் மதிப்பெண் குறைவு என்பதால் நாம் தாண்டிப் போவதும் இதைத்தான்.

எந்த வகுப்பில் சேரலாம் என்று கேட்டவர்களுக்கு அங்கேயே பதில் இருக்கிறது. ஆசிரியர் ஆகத் தகாதவரைப் பவணந்தியார் நான்கு பொருள்களால் காட்டுகிறார். கழற்சிக்காய் போட்ட குடம் ஒன்று. போட்ட வரிசை ஒன்றாக இருக்கும், கவிழ்த்தால் வேறு வரிசையில் கொட்டும். இன்னொன்று மட்டை உதிராத பனை. யாரையும் ஏறவிடாது, தானாக விழுகிற பழத்தைத்தான் பொறுக்க வேண்டும். பஞ்சு அடைத்த குடுவை மூன்றாவது. உள்ளே திணிக்கவும் பாடு, வெளியே எடுக்கவும் பாடு. நான்காவது கோணல் தென்னை. நம் பக்கத்தில் தோப்பு வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் விடுவது நாம், வேலி தாண்டிச் சாய்ந்து அடுத்த காட்டில் காய் போடும்.

எங்கள் வகுப்புக்கு வரும் அங்கன்வாடி ஆசிரியை ஒருவர் முன்பு செல்பேசி வழியாக ஒரு பத்து நாள் பயிற்சியில் சேர்ந்திருந்தார். முதல் நாள் சிறுகதை, அடுத்த நாள் ஒற்றுப்பிழை, அதற்கடுத்த நாள் விளம்பர வாசகம், பிறகு மறுபடி சிறுகதை. அவர் எழுதி அனுப்பிய ஐந்து பக்கத்தில் ஒரு வரிகூடத் திருத்தப்பட்டு வரவில்லை. நன்னூலின் நான்கையும் நான் சொன்னபோது அவர், “எனக்குக் கெடச்சது கழற்குடமுங்க” என்றார். பணம் கட்டுமுன் இரண்டே கேள்வி கேளுங்கள். பாடத்துக்கு ஒரு வரிசை இருக்கிறதா? நான் எழுதியதை யாராவது படித்துத் திருத்தித் தருவார்களா? இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் அங்கே சேர வேண்டாம்.

நல்ல ஆசிரியர் கிடைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எவ்வளவு கிடைக்கும்? பவணந்தியார் கணக்கே சொல்லியிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை முழுமையாக வாங்கிக்கொண்டாலும் மாணவனிடம் சேர்வது கால் பங்கு. உடன் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும்.

இந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது அந்த மண்டித் தம்பியால். மாசி மகத்தை ஒட்டி எங்கள் ஊரில் அரங்கநாதர் தேர். தெருவெல்லாம் பிளெக்ஸ் கட்டுவார்கள். அவர் நண்பர்கள் ஒரு பலகை அடிக்கக் கொடுத்திருந்தார்கள். ‘தேர் திருவிழா’ என்று தட்டச்சு செய்திருந்ததைப் பார்த்து, நடுவில் ‘த்’ போட வேண்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். கணினி முன்னால் இருந்த பையன் போட்டுவிட்டான். பிறகு கீழ்வரியைக் காட்டினான். அதில் ‘அரங்கநாதர் தேர்’ என்று இருந்தது.

“இதுவும் ‘ர்’லதான் முடியுது. அதுக்கு ‘த்’ வேணும்னா இதுக்கும் வேணுமில்லீங்கண்ணா?”

‘அரங்கநாதர்த் தேர்’ என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். காது ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

பதில் எளிது. அரங்கநாதர் உயர்திணைப் பெயர். உயர்திணைப் பெயர் ரகர மெய்யில் முடிந்தால் அடுத்து வரும் வல்லினம் மிகாது. ஆசிரியர் குழு, மாணவர் பேரவை, தொழிலாளர் சங்கம். தேர் அஃறிணை. அதனால் தேர்த் திருவிழா, நீர்த் தொட்டி, வேர்க் கடலை. இந்த விதி நன்னூலில் இருக்கிறது. நான் இரண்டு மாதத்துக்கு முன்பு வகுப்பில் சொல்லியும் இருந்தேன். அவர் நோட்டிலும் இருந்தது. ஆனால் ஒருவன் கேட்டு, இவர் தடுமாறி, வாரம் முழுக்க மனத்தில் சுமந்து வந்த பிறகுதான் அது அவருடையதானது. அன்றைக்கே பிளெக்ஸ் கடைக்குப் போய் அந்தப் பையனிடமும் சொல்லிவிட்டு வந்தார்.

உடன் படிப்பவரால் கிடைக்கும் கால் பங்கை நோட்டு மாற்றிக்கொள்வதில் பெறுகிறோம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் உரக்கப் படிப்பார், எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. படிப்பவர் தடுக்கி நிற்கும் இடமெல்லாம் பென்சில் கோடு. ஒருமுறை, தெருவுக்குக் குடிநீர் வராததைப் பற்றி ஓர் அம்மா எழுதிய விண்ணப்பம் வந்தது. இரண்டு பக்கம். ‘மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்’ என்று தொடங்கி, தண்ணீர் என்ற சொல் முதல் பக்கத்தின் கடைசியில்தான் வந்தது. ஒற்றுப்பிழை அதில் இரண்டுதான். பெரிய பிழை வேறு. நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று அதே பாயிரம் வகுத்திருக்கிறது. அதில் மிகைபடக் கூறல் உண்டு, கூறியது கூறல் உண்டு, போகப்போகத் தேய்ந்து முடிவதும் உண்டு. அந்த விண்ணப்பத்தில் மூன்றும் இருந்தன. எல்லாரும் சேர்ந்து வெட்டினோம். ‘எங்கள் வீதியில் 11 நாட்களாகக் குடிநீர் வரவில்லை’ என்பது முதல் வரியானது. மொத்தம் எட்டு வரி. அந்த அம்மா அதைத் திரும்பப் படித்துவிட்டு, “நான் சொல்ல வந்தது இதுதானுங்க” என்றார்.

“நம்ம பேச்சை அப்படியே எழுதினா தப்புங்களா?” என்றும் கேட்கிறார்கள். தப்பே இல்லை. ஆர். சண்முகசுந்தரம் 1942லேயே ‘நாகம்மாள்’ நாவலில் கொங்குப் பேச்சை எழுதிக் காட்டிவிட்டார். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதியே தொகுத்திருக்கிறார். ‘ஒட்டுக்கா’ என்பது பிழையல்ல, நம் சொல். பாத்திரம் பேசும் இடத்தில் தாராளமாக எழுதுங்கள். ஆனால் எது வட்டாரச் சொல், எது எழுத்துப்பிழை என்று பிரித்தறிய முதலில் பொதுத்தமிழ் கைவர வேண்டும். பவானியில் தமிழாசிரியராக இருந்த புலவர் குழந்தை இராவண காவியம் பாடியவர். அவரே யாப்பதிகாரமும் எழுதி மற்றவர்க்குச் செய்யுள் எழுதும் வழியைச் சொல்லித்தந்தார். நம் மண்ணில் எழுதுவதும் சொல்லித்தருவதும் சேர்ந்தே நடந்திருக்கின்றன.

உதவிக்குக் கருவிகள் உண்டு. நீச்சல்காரன் உருவாக்கிய நாவி சந்திப்பிழையையும் வாணி எழுத்துப்பிழையையும் காட்டும். பயன்படுத்துங்கள், ஆனால் அவை சொன்னதே முடிவு என்று இருந்துவிடாதீர்கள். ‘கீரை கடை’யும் சரியான தொடர், ‘கீரைக் கடை’யும் சரியான தொடர். நீங்கள் எதைச் சொல்ல வந்தீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். முறையாகப் படிக்க நினைப்பவருக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் வீட்டிலிருந்தே சேரும்படி சான்றிதழ் முதல் பட்டம் வரை படிப்புகள் வைத்திருக்கிறது. தானாகப் படிக்கிறவர்கள் அ. கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ நூலில் தொடங்கலாம். பிறகு ஆறுமுக நாவலரின் நன்னூல் காண்டிகையுரையை எடுத்து, பாயிரத்தை மட்டும் முதலில் படியுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு நூற்பா போதும், ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. இதில் சொன்ன விதிகளில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்கோ, கூட வேலை செய்கிறவருக்கோ, உங்கள் ஊர் பிளெக்ஸ் கடைத் தம்பிக்கோ அதை விளக்கிச் சொல்லுங்கள். அவர் திருப்பிக் கேட்டு, உங்களால் பதில் சொல்ல முடியாமல் போன கேள்வியை எனக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் அந்தக் கேள்விகளிலிருந்து தொடங்குவோம்.